கணக்குக் கேட்கும் துணிவு

தேசம் சுதந்திரம் பெற்று ஆறு வாரங்களே கழிந்திருந்த வேளையில், 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கரும், மெதடிஸ்டுகளும், 1908-இலேயே தங்களுக்குள் ஒன்றுகூடிவிட்ட பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் ஒரே சபையாக இணைவதற்கு, 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீடிக்க வேண்டியிருந்தது. அத்தனை ஆண்டுகளும் அவர்களைப் பிரித்து வைத்த பிரதான விவகாரங்களில் ஒன்று, அத்தியட்சர், அதாவது பேராயர், என்னும் ஸ்தானத்தை என்ன செய்வது என்பதாகும். அப்போஸ்தலர் காலந்தொட்டு வழிவழியாக வரும் அத்தியட்சர் பதவி இன்றிச் சபை முழுமையடையாது என்று ஒரு சாராரும், ஆண்டவர் ஒருவர் இருக்கையில் ஆளுபவர் வேறு எதற்கு என்று மறு சாராரும் வாதித்துக்கொண்டிருக்க, முடிவில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு மிக விவேகமானது: பாரம்பரியமான அப்பதவி இருக்கும்; ஆனால் அது சட்டதிட்டங்களுக்குக் கட்டுப்பட்டே இருக்கும். பேராயரைத் தெரிந்தெடுப்பதிலே சபையாருக்குப் பங்குண்டு; குருமாரோடு சாதாரண விசுவாசிகளும் அமரும் பெருமன்றங்கள் உண்டு; மேலே சினாடு என்னும் தலைமை மன்றம் உண்டு; பிணக்கு நேர்ந்தால் விசாரிக்கச் சபைக்குள்ளேயே நீதிமன்றங்களும் உண்டு.

அந்த ஏற்பாட்டைக் காகிதத்தில் வாசிக்கிறவன், கேள்வி கேட்கப்படாத மனிதன் எவனும் இந்தச் சபையில் இருக்க முடியாது என்றே எண்ணுவான். ஆனால் ஏறக்குறைய நாற்பது லட்சம் அங்கத்தினரைக் கொண்டதாகச் சொல்லப்படும் அதே திருச்சபையில், பேராயர்களின் ஓய்வு வயதை 67-இலிருந்து 70 ஆக உயர்த்தும் சட்டத் திருத்தமும் உயர்பதவிக்கான தேர்தலும் வழக்காகி, 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைச் சினாடு நிர்வாகத்திற்கு நியமித்து, அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. முழங்காலில் நின்று தீர்த்திருக்க வேண்டிய காரியத்தை முத்திரைத்தாளில் எழுதி வெளியாரிடம் நீட்டும் நிலை எப்படி வந்தது என்பதே சிந்திக்கத் தக்கது.

காரணம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி வட்டாரங்களில் டி.சி. எனப்படும் திருமண்டல (மறைமாவட்ட)ப் பெருமன்றத் தேர்தல் நெருங்கும் காலத்தில் ஒரு சேகரத்துச் சபைகளுக்குள் நடந்து பார்த்தாலே போதும். சங்கக் காணிக்கை பாக்கி தீர்க்கப்பட்டு வாக்காளர் பட்டியலில் பெயர்கள் ஏறுகின்றன, அணிகள் பிரிகின்றன, துண்டுப் பிரசுரங்கள் பறக்கின்றன, ஒரு சாதியார் இன்ன அணி, இன்னொரு சாதியார் இன்ன அணி என்று வெட்கமின்றிக் கணக்குப் போடப்படுகிறது. பரலோகத்தைப் பற்றிய அபிப்பிராய பேதத்தினால் இந்த உஷ்ணம் உண்டாகவில்லை. மிஷனெரிகள் விட்டுச் சென்ற பள்ளிகளும் கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும், நகரங்களின் நடுவே இன்று பொன்விலை பெறும் நிலங்களும் திருமண்டலங்களின் கையில் இருக்கின்றன. உதவிபெறும் பள்ளியில் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். ஆசிரியரைத் தெரிந்தெடுப்பது நிர்வாகம். ஓய்வுபெறும்வரை அரசுச் சம்பளம் கிடைக்கும் ஒரு வேலையைத் தம் கையெழுத்தினால் வழங்கக்கூடிய அதிகாரம், கேட்பாரற்ற ஒரு சிறு கூட்டத்தின் வசம் இருக்கும்போது, அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை உண்டாகிவிடுவது லௌகிக நியதி. அந்த விலை இன்னதென்று ஜனங்கள் டீக்கடையில் பகிரங்கமாகவே பேசிக்கொள்கிறார்கள். சிறுபான்மையோர் தம் கல்வி ஸ்தாபனங்களை நிர்வகிக்க அரசியல் சாசனத்தின் 30-ஆவது ஷரத்து அளித்த உரிமையை விளக்கவந்த உச்ச நீதிமன்றம், நிர்வகிக்கும் உரிமையில் சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று 1958-இலேயே, கேரளக் கல்வி மசோதா பற்றிய தன் கருத்துரையில் தெளிவாக்கிவிட்டது. உரிமைக்காக மேடையேறும் நம் தலைவர்கள் இந்தப் பாதியை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

மேலே நடப்பதற்கெல்லாம் வித்து கீழே, உள்ளூர்ச் சபையின் வருடாந்திரக் கூட்டத்தில் விழுகிறது. தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நான் கண்ட அத்தகைய கூட்டம் நினைவுக்கு வருகிறது. இரண்டாம் ஆராதனை முடிந்து, வெயில் ஏறி, பாதி ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சமயம் பார்த்துப் பொக்கிஷதார் வரவு செலவுக் கணக்கை வாசித்தார். ஸ்தோத்திரக் காணிக்கை, அசனப் பண்டிகை ஏல வரவு, உபதேசியார் சம்பளம், மின்கட்டணம் என்று ஓடிய வாசிப்பு, 'பல்வகைச் செலவு' என்ற இடத்தில் மாத்திரம் சற்று வேகம் பிடித்தது. அந்தத் தொகையோ உபதேசியாரின் வருடச் சம்பளத்தைக் காட்டிலும் பெரியது. முன்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்தார். "ஐயா, அந்தப் பல்வகையில என்னென்ன இருக்குன்னு கொஞ்சம் சொல்லணும்." சேகர குரு மிருதுவாகத்தான் பதிலளித்தார்: "டீச்சரம்மா, அத ஆபீஸ்ல வந்து பாத்துக்கிடுங்க. நேரமாச்சு, ஜெபத்தோட முடிச்சிருவோம்." அம்மையார் உட்காரவில்லை. "காணிக்கைய நான் ஆபீஸ்ல போடலியே ஐயா. இங்கதான போட்டேன்?" சிலர் நகைத்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள், ஜெபம் ஏறெடுக்கப்பட்டுக் கூட்டம் கலைந்தது. ஆனால் மறு வருஷத்து அறிக்கையில் அந்த ஓர் இனம் பல வரிகளாகப் பிரிந்து அச்சாகி வந்திருந்தது. அந்த அம்மையாரோடு அந்த வருஷம் முழுவதும் பேசாதிருந்த குடும்பங்களும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்கிறவர் கொடுக்கும் கிரயம் அது.

இவ்விதக் கேள்விகளை அடக்குவதற்கு நம் சபைகளில் வழங்கிவரும் பிரம்மாஸ்திரம் ஒன்றுண்டு. அபிஷேகம் பெற்றவரைத் தொடலாகாது என்னும் சங்கீத வாக்கியமே அது. அந்தச் சங்கீதத்தை முழுதும் வாசிக்கிறவனுக்கு, அங்கே அபிஷேகம் பெற்றவர்களென்று சொல்லப்படுகிறவர்கள் நாடோ வீடோ இன்றி, தேசத்துக்குத் தேசம் சொற்பத் தொகையினராய் அலைந்த முற்பிதாக்கள் என்பதும், எச்சரிக்கப்படுகிறவர்கள் அதிகாரம் படைத்த ராஜாக்கள் என்பதும் விளங்கும். அதிகாரமற்றவனைக் காக்கச் சொல்லப்பட்டதை அதிகாரமுடையவனுக்குக் கேடயமாக்கியது நாம் செய்த விநோதம். தாவீது சவுல் ராஜாவைத் தொடவில்லை என்பார்கள்; உண்மைதான். ஆனால் தொடாமலிருந்த தாவீது சும்மாவும் இருக்கவில்லை. கெபியை விட்டு வெளியே வந்து, சவுலின் அங்கியிலிருந்து அறுத்தெடுத்த தொங்கலைக் கையில் உயர்த்திப் பிடித்து, தன்னைத் தேடி மூவாயிரம் பேருடன் வந்திருந்த ராஜாவை நோக்கி, நான் செய்த துரோகம் என்ன, எதற்காக என் பிராணனை வேட்டையாடுகிறீர் என்று உரத்த குரலில் நியாயம் கேட்டான். கை ஓங்காமல் வாய் திறப்பதே அந்த வேதப்பகுதி காட்டும் மரியாதை. நம்மவர்களோ வாயையும் மூடிக்கொண்டு, அதற்குப் பணிவு என்று பெயரிட்டு, பிற்பாடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போதக ஐயரின் கார் எத்தனை லட்சம் என்று பேசுகிறார்கள்.

ஆவிக்குரிய தைரியம் என்றால் பேதுருவும் யோவானும் ஆலோசனைச் சங்கத்தின் முன்னே நின்றதைத்தான் எல்லாப் பிரசங்கிகளும் எடுத்துக்காட்டுவார்கள். படிப்பறியாத மீன்பிடிகாரர் இருவர் தேசத்தின் பெரியவர்களுக்கு எதிரே அஞ்சாமல் பேசிய அந்தக் காட்சி மகத்தானதுதான். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகளில் இன்னும் சில அதிகாரங்கள் தள்ளிப்போனால், அதே பேதுரு வேறொரு சங்கத்தின் முன் நிற்பதைக் காணலாம். அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டது அபூர்வம். கொர்நேலியு என்னும் புறஜாதியான் வீட்டில் புகுந்து போஜனம்பண்ணினீரே என்று எருசலேம் சபையார் அவரோடு வாக்குவாதம் செய்கிறார்கள். அவரோ தலைமை அப்போஸ்தலர். தரிசனம் பெற்றுப் போனவர். கேள்வி கேட்டவர்களின் நோக்கமோ குறுகியது. எனக்குத் தேவன் சொன்னார், நீங்கள் யார் கேட்பதற்கு என்று ஒரு வாக்கியத்தில் முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், நடந்ததை முதலிலிருந்து வரிசையாக விவரித்ததோடு, தம்முடன் வந்திருந்த ஆறு சகோதரரையும் சாட்சிகளாகக் காட்டினார். விரோதிகளின் முன் நெஞ்சு நிமிர்த்தப் பலராலும் முடியும். சொந்தச் சகோதரர் முன் நின்று விளக்கம் சொல்ல முதலாவதைக் காட்டிலும் பெரிய தைரியம் வேண்டும். முதலாவதற்குக் கைதட்டல் உண்டு, இரண்டாவதற்குச் சங்கடம் மாத்திரமே உண்டு.

இந்த இரண்டாவது தைரியம் இல்லாதபோது முதலாவது எவ்வளவு அபாயகரமாக மாறும் என்பதற்கு நான்காம் நூற்றாண்டு மிலான் நகரத்து அம்புரோசியாரின் சரித்திரத்தைப் புரட்டினால் போதும். தெசலோனிக்கேயில் ஆயிரக்கணக்கான ஜனங்களைப் படையை ஏவிக் கொன்ற பழிக்காக, 390-இல் தியோடோசியுஸ் சக்கரவர்த்தியையே நற்கருணைப் பந்தியிலிருந்து விலக்கி, பகிரங்கமாகப் பிராயச்சித்தம் செய்யவைத்தவர் அவர். சபையின் தைரியத்துக்குத் திருஷ்டாந்தமாக இந்த நிகழ்ச்சி ஆயிரத்தறுநூறு வருஷங்களாகச் சொல்லப்பட்டு வருகிறது. இதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. யூப்பிராத்து நதிக்கரையில் கல்லினிக்கும் என்ற ஊரில், அங்கிருந்த அத்தியட்சரின் தூண்டுதலால் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று யூதருடைய ஜெபாலயத்தைக் கொளுத்தியது. அந்த அத்தியட்சரே தம் செலவில் அதைத் திரும்பக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று சக்கரவர்த்தி கட்டளையிட்டார். எந்த யுகத்திலும் நியாயமென்று ஒப்பத்தக்க கட்டளை அது. அம்புரோசியார் அதே துணிச்சலோடு, ஆராதனையின் நடுவே சக்கரவர்த்தியை எதிர்த்துப் பேசி, கட்டளையை ரத்துச் செய்தாலன்றிப் பலிபீடத்தண்டை போகமாட்டேன் என்று நின்று, வென்றும் விட்டார். மனிதர் ஒருவரே, குரல் ஒன்றே, ஒரு முறை கொலைக்கு உத்தரவாதம் கேட்டது, மற்றொரு முறை தீ வைத்தவருக்கு உத்தரவாதம் இல்லாமல் செய்தது. சபைக்காகப் பேசும் தைரியத்தையெல்லாம் பரிசுத்த தைரியமென்று எண்ணி மயங்குகிற நமக்கு இந்த இரண்டாவது கதையே அதிகம் பயன்படும்.

நம் நாட்டுச் சபைக்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு, ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதன் பலனாக, தன்னை அனுப்பிவைத்த டேனிஷ் ராஜாவின் அதிகாரியாலேயே 1708-இல் டான்ஸ்பர்க் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டார். தம் சொந்த நிறத்தாரும் மதத்தாரும் அடங்கிய அரசாங்கத்தைப் பகைத்துக்கொண்டதே அதில் விசேஷம். பிறகு, வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், முப்பத்தைந்து வயதேயான அந்தத் தமிழர், தமக்கு விருந்தளித்து உட்காரவைத்திருந்த மிஷனெரிப் பிரமுகர்களைப் பார்த்து, தியாகம் செய்தீர்கள், தானம் செய்தீர்கள், ஆனால் எங்களோடு சமமாய் உட்காரும் சிநேகிதராக மாத்திரம் வரவில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். சபையில் சலசலப்பு உண்டாயிற்று. இரண்டு வருஷங்களுக்குப் பின் 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவரே ஆங்கிலிக்க சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அதற்குப் பின் அவர் செய்ததையே நான் அதிகமாக மதிக்கிறேன். தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லில், மாலர், மாதிகர் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட பரம ஏழைகளின் நடுவே, அவர்கள் பாஷையைக் கற்று, மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சென்று, கைப்பிடி தானியமானாலும் தன் சபைக்குத் தானே கொடுக்க வேண்டும் என்று கற்பித்து, கிறிஸ்தவ ஈகையைக் குறித்து ஒரு நூலே எழுதினார். அந்நிய நாட்டுப் பணத்தை நம்பும் சபை அந்நிய நாட்டுக்குக் கணக்கு அனுப்பும். தன் ஏழைகளின் தானியத்தால் வாழும் சபை அந்த ஏழைகளுக்கே கணக்குச் சொல்லியாக வேண்டும். அசரியா இதை இந்த வார்த்தைகளில் சொன்னாரோ இல்லையோ, அவர் ஊழியத்தின் போக்கு அதுவே.

இந்தப் பிணக்குகளெல்லாம் பழைய சபைகளுக்கு வந்த வியாதி, எங்களிடம் தேர்தலும் இல்லை, சண்டையும் இல்லை என்று சுயாதீன சபைகளைச் சேர்ந்த நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சண்டை இல்லைதான், சண்டையிடுவதற்கு அங்கே இடமே இல்லையே! போதகர் தலைவர், அவர் மனைவி செயலர், மகன் பொருளாளர் என்று பதிவுசெய்யப்பட்ட டிரஸ்டில், தசமபாகம் கொடுக்கும் ஆயிரம் விசுவாசிகளுக்கு ஒரு வாக்குக்கூடக் கிடையாது. தகப்பன் கண்மூடியதும் பிரசங்க பீடம் மகனுக்குச் சொத்தோடு சொத்தாக இறங்குகிறது. சாமுவேல் தீர்க்கதரிசி முதிர்வயதில் ஜனங்களைக் கூட்டி, நான் யாருடைய எருதை எடுத்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று சவால் விட்ட கதையை இந்தப் பிரசங்கிகள் உருக்கமாகச் சொல்வார்கள். அதே சாமுவேல் தம் குமாரரை நியாயாதிபதிகளாக வைத்ததும், அவர்கள் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டியதும், உம்முடைய குமாரர் உம்முடைய வழிகளில் நடக்கவில்லை என்று மூப்பர்கள் அவர் வீட்டுக்கே வந்து முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்ததும் அதே புத்தகத்தில், நாலு அதிகாரம் முன்னதாகவே எழுதியிருக்கிறது. இரண்டு தீமைகளில் ஒன்றைத் தெரிந்துகொள் என்றால், வழக்கும் வம்புமான திருமண்டலத்தையே நான் தெரிந்துகொள்வேன். அங்கே கேட்பதற்கு ஒரு வாசலாவது இருக்கிறது.

விசுவாசிகள் அவிசுவாசிகளின் நீதிஸ்தலத்துக்குப் போகலாமா என்று பவுல் கொரிந்தியரைக் கடிந்துகொண்டது, வழக்குப் போட்டவர்களை வெட்கப்படுத்த ஓயாமல் உபயோகிக்கப்படுகிறது. அந்த வசனங்களிலேயே, சகோதரருக்குள் வழக்குத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாவது உங்களுக்குள்ளே இல்லையா என்றும் அவர் கேட்கிறார். அந்தக் கேள்வி வழக்காளிக்குப் போடப்பட்டதன்று, சபைக்குப் போடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவரின் கட்சிக்காரரே உட்கார்ந்து விசாரிக்கும் உள்மன்றத்தை வைத்துக்கொண்டு, வெளியே போனவனைத் துரோகி என்று வைவது நியாயமாகாது.

பவுல் தாமும் பண விஷயத்தில் எப்படி நடந்தார் என்பதைக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரம் துலக்கமாகக் காட்டுகிறது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைத் தாமே எடுத்துச் செல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. அவரைச் சந்தேகிக்கத் துணிந்தவர் சிலரே. அப்படியிருந்தும், சபைகளால் தெரிந்தெடுக்கப்பட்ட ஒரு சகோதரனைக் கூடவே அனுப்ப ஏற்பாடு செய்து, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் காரியம் ஒழுங்காயிருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார். தேவன் என் இருதயத்தை அறிவார் என்று சொல்லித் தணிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. பதவியைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கும் நம் திருச்சபையிலேயே உதாரணம் உண்டு: தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பிரதமப் பேராயரான மைக்கேல் ஹோலிஸ், 1954-இல் பொறுப்புகளை விட்டிறங்கி, பெங்களூர் ஐக்கிய வேதாகமக் கலாசாலையில் சபைச் சரித்திரம் போதிக்கும் ஆசிரியராக உட்கார்ந்தார்.

இனி வருகிற டி.சி. தேர்தலில் வாக்குக் கேட்டு வீடு தேடி வரும் அணியினருக்குக் காபி கொடுத்து உட்காரவைத்து, சபையார் சில விவரங்களைக் கேட்கலாம். சென்ற மூன்று வருஷங்களில் திருமண்டலப் பள்ளிகளில் நியமனம் பெற்றவர்களின் பட்டியலை, விண்ணப்பித்தவர்களின் தகுதி வரிசையோடு, ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவீர்களா? குத்தகைக்கு விட்ட நிலங்கள் எவை, யாருக்கு, என்ன தொகைக்கு? தணிக்கை அறிக்கை பெருமன்றம் கூடுவதற்கு எத்தனை நாள் முன்பாக அங்கத்தினர் கைக்கு வரும்? பெண்ணொருத்தியோ பணியாளர் ஒருவரோ ஊழியர்மீது புகார் கொடுத்தால், அந்த ஊழியரின் அணியைச் சேராத எவர் அதை விசாரிப்பார்? பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து போகிற அணி எது என்பதை அண்டை வீட்டாருக்கும் சொல்லி வைக்கலாம். வாக்குக் கேட்டு வருகிறவர் நம் சொந்தச் சித்தப்பாவாகவோ, நம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஐயராகவோ இருக்கும் பட்சத்திலும் இந்தக் கேள்விகளில் ஒன்றையும் குறைக்க வேண்டியதில்லை.